குழிக்குள் போன கீபோர்டு

அத்தியாயம் 11

பூண்டுலோயா பஸ் தனுஷிகாவைப் பாலத்தடியில் இறக்கிவிட்டுப் போகும்போதே மழை பிடித்துக்கொண்டது. குடையை விரிக்கவும் பொறுமையில்லாமல் கல்லுமலைத் தோட்டத்துக் குறுக்குப்பாதையில் ஏறினாள். ஹட்டனில் அவள் வேலை பார்க்கும் போன் கடையில் லீவு கேட்டபோது முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். வைத்துக்கொள்ளட்டும். இன்றைக்கு அம்மாவை லயத்து வீட்டிலிருந்து கிளப்பாவிட்டால், அப்புறம் எத்தனை லீவு கிடைத்தும் புண்ணியமில்லை.

லயத்துக்குப் பின்னால் மண்திட்டு வெடித்திருப்பதும், எல்லோரும் மூடிக்கிடக்கும் பழைய தேயிலை ஸ்டோர் மாடிக்குப் போய்விட வேண்டும் என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டதும், "நீங்க போங்க, நான் வரல" என்று அம்மா ஜீவராணி ஒற்றைக்காலில் நிற்பதும் நமக்குத் தெரியும். காரணத்தை அவள் மகளிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். தீபாவளிக்கு முந்தி குளவி கொட்டிச் செத்துப்போன மகன் நிரஞ்சன், வீட்டு டேப்லெட் திரையில் எழுதுகிறானாம்.

தனுஷிகா அதை நம்பவில்லை. ஈரம் ஏறித் திரை கெட்டிருக்கும், தானாக எழுத்து விழும் என்று சொன்னாள். போன வாரம் டேப்பை நானுஓயாவில் சித்தி வீட்டுக்கு எடுத்துப்போய் வைத்தும் பார்த்தாள். அங்கே ஒரு எழுத்தும் விழவில்லை. தோட்டத்துக்குத் திரும்பிய அன்றைக்கே மறுபடி விழுந்தது. மகள் கெட்டிக்காரத்தனமாக நினைத்துச் செய்த சோதனை, அம்மாவுக்குத்தான் சாதகமாக முடிந்தது.

"பாத்தியா? அவன் இந்தச் சொவத்த விட்டு எங்கயும் போகல" என்று ஜீவராணி முடிவு கட்டிவிட்டாள்.

அம்மாவே எழுதிவிட்டுச் சொல்கிறாள் என்று சந்தேகப்படவும் வழியில்லை. கொழுந்து பறித்துப் பறித்துக் காய்ந்துபோன விரல் நுனியை அந்தக் கண்ணாடித் திரை மதிப்பதே இல்லை. அம்மா எத்தனை முறை அழுத்தினாலும் அது சும்மா இருக்கும். "என்னையத் தெரியாதுங்குது" என்று அவள் கோபித்துக்கொண்டதைக் கேட்டுத்தான், தனுஷிகா கடையிலிருந்து வயர் இல்லாத கீபோர்டும் மவுஸும் கொண்டுவந்து டேப்போடு இணைத்துக் கொடுத்தாள். நிரஞ்சன் கட்டைகளின் மேல் தமிழ் எழுத்து ஒட்டினான். பக்கத்தில் உட்கார்ந்து மவுஸைப் பிடித்து, அழுத்தவேண்டிய இடத்தை அம்பால் வட்டம் போட்டுக் காட்டுவான். அம்மா, "மெதுவா சுத்துடா, கண்ணு சுத்துது" என்று திட்டிக்கொண்டே படித்தாள்.

அவன் போனபோது இரண்டையும் சவப்பெட்டிக்குள் வைத்தார்கள். வயசாளிகளுக்கு வெற்றிலை பாக்கு வைப்பார்கள். வாலிபப் பிள்ளைக்கு வேறு எதை வைப்பது? கீபோர்டைக் கால்மாட்டில் வைத்தார்கள். மவுஸை ஜீவராணி தன் கையாலேயே அவனுடைய வலது கைக்குள் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

*

லயத்து வாசலில் சட்டிபானையும் பாயும் குவிந்து கிடந்தன. தோட்டத் தலைவர் முத்துலிங்கம் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றார்.

"வந்துட்டியா தங்கச்சி? ஒங்கம்மாவ நீதான் கெளப்பணும். நான் சொல்லி வாய் வலிச்சிருச்சு. இருட்டுறதுக்கு முந்தி லொறி கடைசி நடை வரும். அதுக்குப் பொறகு இந்த ரோட்டுல ஏறாது."

"திட்டு எப்படி இருக்குங்க?"

"காலையில வெடிப்புக்குள்ள கைய விட்டுப் பாத்தேன். முழங்கை வரைக்கும் போகுது."

அவர்கள் வீட்டுக் காம்பிராவுக்குள் ஒரு சாமானும் அசைந்திருக்கவில்லை. ஜீவராணி முக்காலியில் டேப்பைச் சாத்திவைத்து எதிரில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் திருநீறு. பக்கத்தில் ஆறிப்போன சாயத்தண்ணிக் கோப்பை.

"அம்மா, எழும்பு."

"நனைஞ்சு வந்திருக்கே. தலைய தொடச்சுக்க."

"தலை கெடக்கட்டும். திட்டு எறங்குனா என்னா செய்வே?"

"எறங்கட்டும். ஒந்தம்பி எங்க இருக்கானோ அங்க நான் இருந்துக்கிறேன்."

"அவன் இங்க இல்லம்மா! இது மிஷின் கோளாறு. நான் தெனமும் இதத்தானே விக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

ஜீவராணி மகளைப் பாவமாகப் பார்த்தாள். "எழுத்து மட்டுமா வருது? அம்பும் வருதுடி. முந்தி மாதிரியே சுத்துது."

தனுஷிகாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. தம்பியைத்தான் எட்டாம் நம்பர் மலையில் குளவி கொண்டுபோனது. அன்றைக்கு அம்மாவுக்குப் பகல் சோறு கொண்டுபோனவன் அவன். "எனக்குச் சோறு கொண்டாந்துதான் என் புள்ள செத்தான்" என்று சொல்லிச் சொல்லி, அம்மா அதற்குப் பிறகு பகல் சோற்றைத் தொடுவதையே விட்டுவிட்டாள். தம்பி போனது போதாதென்று இவளையும் மண்ணுக்குக் கொடுக்க வேண்டுமா?

"நீ போய்த் தலைவருகிட்டப் பேசிட்டு வா. மனுசன் மழையில நிக்கிறாரு" என்று அம்மாவை வெளியே அனுப்பினாள். டேப்பை அணைத்துப் பைக்குள் போட்டுவிடுவது என்று அவள் ஏற்கெனவே தீர்மானித்திருந்தாள். அது இல்லாவிட்டால் அம்மா தானாக வருவாள்.

கையை நீட்டினாள். திரையில் ஒரு எழுத்து விழுந்தது.

கு.

அதன் பக்கத்தில் இன்னொன்று. யாரோ தேடித் தேடி அழுத்துவது போல் நின்று நின்று வந்தது. தனுஷிகாவின் நீட்டிய கை அப்படியே நின்றது.

குழிகுள்ள தண்ணி எறங்குமா

வெளியே மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. தோட்டத்து மயானத்திலும் அதே மழைதான் கொட்டிக்கொண்டிருக்கும்.

ஒனக்கு குளுருமே

"தம்பி" என்று அவள் வாய் தன்னால் முணுமுணுத்தது. அப்படிச் சொன்னதும் வெட்கமாகவும் இருந்தது. கடையில் எத்தனை பேருக்கு இந்தச் சாமான்களை இணைத்துக் கொடுத்திருக்கிறாள்! விரலால் திரையின் மேல்பக்கத்தைக் கீழே இழுத்துப் பார்த்தாள்.

கீபோர்டு இணைந்திருக்கிறது என்று அது சொன்னது.

இத்தனை நாளும் இதை அவள் பார்க்கவே இல்லை. மண்ணுக்குள் போன சாமானை யார் தேடுவார்கள்? ஆனால் டேப்புக்கு மயானம் தெரியாது, சாவு தெரியாது. பத்து மீட்டருக்குள் இருந்தால்தான் கீபோர்டு இணையும். அதைத் தாண்டினால் கிடையாது. அதனால்தான் நானுஓயாவில் ஒன்றும் வரவில்லை.

இவர்களுடையது கடைசிக் காம்பிரா. ஒரு பக்கம் வெறும் மலை. மறுபக்கம் ஜோர்ஜ் வீடு. தனுஷிகா நிமிர்ந்து பார்த்தாள். நடுச்சுவர் கூரையைத் தொடாமல் பாதியில் நின்றது. எந்த லயத்தில்தான் சுவர் முழுசாக இருந்திருக்கிறது? அந்த இடைவெளி வழியாக, மழைச்சத்தத்துக்கு நடுவே, டக் டக்கென்று மெல்லிய சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தோடு சேர்ந்து திரையில் எழுத்து விழுந்தது.

நான்தான ஒன்ன அந்த மலைக்கு கூப்டேன். அம்மாவுக்கு சோறுனு சொல்லிட்டு வானு சொன்னது நான்தான

தனுஷிகா அதை இரண்டு தரம் படித்தாள். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தாள்.

*

ஜோர்ஜ் லொறிக்குச் சாமான் ஏற்றப் போயிருந்தார். மாதா படத்தை இறக்கி வைத்துவிட்ட வெறும் சுவருக்குக் கீழே, அவருடைய மகள் டெல்சி தரையில் உட்கார்ந்திருந்தாள். பாலர் வகுப்பில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் பெண். யாரிடமும் உரத்துப் பேசாதவள். மடியில் ஒரு துண்டு. துண்டுக்கு மேலே கறுப்புக் கீபோர்டு. 'அ' எழுத்தை நிரஞ்சன் கோணலாக ஒட்டியிருந்தது வாசலிலிருந்தே தெரிந்தது.

"பொணத்துப் பெட்டியில திருடுனியா?"

டெல்சி கீபோர்டை மார்போடு சேர்த்துக்கொண்டாள். மறைக்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

"அக்கா..."

"எப்படி எடுத்தே? சொல்லு!"

"பூப்போட வந்தேன்க்கா. கால்மாட்டுல இருந்துச்சு. இதுவும் மண்ணுக்குள்ள போயிரும்னு நெனச்சப்ப தாங்க முடியல. கொடைக்குள்ள வச்சுக்கிட்டேன். அவரு தொட்டது வேற ஒண்ணுமே எங்கிட்ட இல்லக்கா."

"எடுத்தது பத்தாதுன்னு தெனமும் எங்கம்மாவப் பைத்தியமாக்குறியே, அது என்னா வெளையாட்டு?"

டெல்சி விழித்தாள். "என்னாக்கா சொல்றீங்க?"

"நீ தட்டுறதெல்லாம் அங்க எங்க டேப்புல விழுதுடி!"

அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த கொஞ்ச ரத்தமும் வடிந்தது. டேப் இல்லாத கீபோர்டு வெறும் பிளாஸ்டிக் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். செபம் சொன்னாலாவது யாராவது கேட்கிறார்கள் என்று ஒரு நினைப்பு இருக்கும். யாருமே கேட்காத இடத்தில் பேச வேண்டும் என்றுதான் அவள் இதில் தட்டினாள். அத்தனையும் சுவருக்கு அந்தப் பக்கம், பெற்றவளின் கண்ணுக்கு முன்னால் விழுந்திருக்கிறது.

"எல்லாமா?" என்றாள். குரல் எழும்பவில்லை.

"எல்லாம்தான். நீ கூப்பிட்டுத்தான் அவன் மலைக்கு வந்தான்னு இப்பத்தான் படிச்சேன். எங்கம்மா அந்தப் பழியத் தன் தலையில போட்டுக்கிட்டுப் பகல் சோறு தின்றதில்ல. தெரியுமா ஒனக்கு?"

தனுஷிகா கையை ஓங்கிவிட்டாள். அடித்திருப்பாள்.

"அடிச்சிராத."

வாசலில் ஜீவராணி நின்றாள். முந்தானையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் முகத்தில் ஆச்சரியம் ஏதும் இல்லை என்பதைக் கண்டதும் தனுஷிகாவின் கை தானாக இறங்கியது.

"ஒனக்குத் தெரியுமா?"

"பெட்டிய மூடறப்பவே தெரியும். கீபோர்டு இருந்த எடத்துல பூ மட்டும் கெடந்துச்சு. இந்தப் புள்ள கொடையக் கட்டிப்புடிச்சுக்கிட்டு நின்னா. அன்னைக்கு மழையே இல்ல."

"தெரிஞ்சும் எங்கிட்ட ஏம்மா தம்பி எழுதுறான்னு சொன்னே?"

"நீ கோவக்காரி. சொன்னா என்னா செய்வே? இப்ப செய்யப் பாத்தியே, அதத்தான் செய்வே. பொணத்துக்கு வச்சத எடுத்தவன்னு தெரிஞ்சா லயத்துச் சனம் இவள விட்டு வைக்குமா? இவ அப்பாதான் தல நிமுந்து நடப்பாரா?"

"இவளாலதான்..."

"படிச்சேன்டி. எல்லாத்தையும் படிச்சேன். இவ ஒருதரம் எழுதுனதுக்கு நான் நூறுதரம் அழுதேன்." ஜீவராணி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். "ஆனா என் புள்ள யாருகூட சிரிச்சான், என்னா பேசுனான், என்னா ஆசப்பட்டான்னு இவ எழுதித்தானே தெரிஞ்சுக்கிட்டேன். பெத்து வளத்த எனக்கு அதுல பாதி தெரியாது. அவள நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரல."

டெல்சி முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு அழுதாள். தனுஷிகாவுக்கு ஒரு நிம்மதி. புதிர் அவிழ்ந்தாயிற்று, இனி அம்மா கிளம்புவாள். டெல்சியின் மடியிலிருந்து கீபோர்டை வாங்கி, பின்பக்கத்தைத் திறந்து பேட்டரிகளைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டாள்.

"மவுஸையும் குடு."

"அது எங்கிட்ட இல்லக்கா."

"பொய் சொல்லாத. அம்பு சுத்துதுன்னு அம்மா சொல்றாங்களே."

"மாதா சத்தியமா இல்லக்கா. அவரு கைக்குள்ள இருந்தத நான் எப்படித் தொடுவேன்?"

ஜீவராணி தலையை ஆட்டினாள். "அது குழிக்குள்ளதான் இருக்கு. நான் வச்சது. கடைசி வரைக்கும் அந்தக் கையப் பாத்துக்கிட்டேதான் நின்னேன்." மகளை நேராகப் பார்த்துச் சொன்னாள். "எழுத்து இவளோடது. அது எனக்குத் தெரியும். அம்பு என் புள்ளையோடது. அதுக்காகத்தான் நான் வரமாட்டேங்குறேன்."

பின்பக்கம் எங்கோ ஒரு கல் உருண்டு விழுந்தது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். மழைச்சத்தம் மட்டும்தான் திரும்ப வந்தது.

"ஏறுங்க, ஏறுங்க!" என்று முத்துலிங்கம் வெளியே கத்தினார். லொறி ஹோர்ன் அடித்தது.

தனுஷிகா கெஞ்சினாள், கையைப் பிடித்து இழுத்தாள், காலில் விழுந்தாள். ஜீவராணி சுவரோடு சுவராக இருந்தாள். அப்போது டெல்சி எழுந்து வந்து அவள் பக்கத்திலேயே, அதே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்க வரலன்னா நானும் போகல, அத்தை."

அடுத்த வீட்டுக்காரி என்பதால், பேசத் தெரிந்த நாளிலிருந்து பெரியம்மா என்று கூப்பிட்ட வாய். லயத்து முறைப்படி நிரஞ்சன் அவளுக்கு அண்ணன். அந்த முறைக்குப் பயந்துதான் இரண்டு பேரும் மலைக்குப் போய்ப் பேசிக்கொண்டார்கள் போலிருக்கிறது. இன்று அது அத்தை ஆகிவிட்டது. சொன்ன பிறகு டெல்சி வாயைப் பொத்திக்கொண்டாள். ஜீவராணி அவளையே பார்த்தாள். மருமகள் வாயிலிருந்து மட்டும் கேட்கக்கூடிய வார்த்தை. தனக்கு இனிக் கிடைக்காது என்று மண்ணைத் தள்ளி மூடிய வார்த்தை.

"எழும்பு புள்ள" என்றாள் கடைசியில். "ஒன்னையும் சேத்து மண்ணுக்குக் குடுத்துட்டு அவனுக்கு நான் என்னா பதில் சொல்றது?"

டேப்பைச் சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டு, காம்பிராக் கதவைப் பூட்டாமலேயே வந்து லொறியில் ஏறினாள். "பூட்டுனா அவன் எப்படி வருவான்?" என்று அவள் முணுமுணுத்தது தனுஷிகாவுக்கு மட்டும்தான் கேட்டது.

*

பழைய ஸ்டோரில் கொழுந்து வாட்டுவதற்கென்று கட்டிய மாடி. ஒரு காலத்தில் இலை பரப்பிய இடத்தில் இப்போது சனங்கள் பாய் விரித்திருந்தார்கள். நீளமான கூடம் முழுக்கக் கம்பி போட்ட ஜன்னல்கள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ஜோர்ஜ் ஒரு லாந்தரை ஏற்றித் தூணில் மாட்டினார். மகள் ஏன் அடுத்த வீட்டுப் பாயில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. கேட்கவும் தெம்பில்லை.

டெல்சி ரொட்டியைப் பிய்த்து ஜீவராணியின் கையில் வைத்தாள். ஜீவராணி அதைக் கையிலேயே வைத்திருந்தாள். மடியில் டேப் கிடந்தது. வெறும் வெள்ளைப் பக்கம்.

"அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன்டி" என்றாள். "தனியா இருப்பான்."

தனுஷிகா அம்மாவின் தோளை அணைத்துக்கொண்டாள். பையைத் திறந்து பேட்டரிகள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டாள். இருந்தன.

அப்போது மலை உறுமியது.

முதலில் இடி என்றுதான் நினைத்தார்கள். தரை அதிர்ந்ததும் தெரிந்துவிட்டது. "லயத்துப் பக்கம்! லயத்துப் பக்கம்!" என்று முத்துலிங்கம் அலற, கூடம் மொத்தமும் எழுந்து ஜன்னலுக்கு ஓடியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் ஓடினார்கள். ஜோர்ஜ் ஓடினார், டெல்சி ஓடினாள், தனுஷிகாவும் ஓடினாள். மழைக்கும் மங்கலுக்கும் நடுவே, அவர்கள் காலையில் அடுப்பு மூட்டிய இடத்தில் மண் மட்டுமே தெரிந்தது. யாரோ ஒப்பாரி எடுத்தார்கள். யாரோ, "எல்லாரும் இருக்கீங்களா, எல்லாரும் இருக்கீங்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அம்மா வரவில்லை என்பது அப்போதுதான் தனுஷிகாவுக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தாள்.

காலியாகிவிட்ட கூடத்தின் நடுவில், லாந்தருக்குக் கீழே, ஜீவராணி ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள். டேப்பின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். தனுஷிகா கிட்டே போனாள்.

வெள்ளைப் பக்கத்தில் ஒரு கறுப்பு அம்பு நின்றது. மவுஸ் இணையாமல் அந்த அம்பு திரைக்கு வராது. யாராவது அதைப் பிடித்து நகர்த்தாமல் அசையாது. இதை அவள் எத்தனை பேருக்குக் கடையில் விளக்கிச் சொல்லியிருக்கிறாள்.

அம்பு அசைந்தது. வேகமாக ஒரு வட்டம் போட்டது. இன்னொரு வட்டம்.

தனுஷிகா கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். பாய்களில் யாரும் இல்லை. பத்து மீட்டருக்குள் இருந்த அத்தனை பேரும் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். பிள்ளையைப் பிடித்த கைகள் பிள்ளைமேல் இருந்தன. மற்றக் கைகளெல்லாம் ஜன்னல் கம்பியில் இருந்தன.

"மெதுவா சுத்துடா" என்றாள் அம்மா. "கண்ணு சுத்துது."

அம்பு மெதுவாகச் சுற்றியது.